முன்னால் யாரும் நடக்காத ஊர்வலம்

அன்று நலச்சங்கக் கட்டடத்தில் இருந்தவர்கள் நான்கே பேர். முதல் தெரு லோகநாதன், சங்கத் தலைவர். இரண்டாம் தெரு சொக்கம்மாள், இட்லிக் கடைக்காரி. மூன்றாம் தெரு ரோஸ்மேரி, மளிகைக் கடை. நான்காம் தெரு ஷாரிக், மெக்கானிக். ஐந்தாவது ஆளாகத் தானும் இருந்ததாகச் சொல்லித் திரிகிறவர்களை நம்ப வேண்டாம்.

பிரச்சினை சின்னதுதான். திங்கட்கிழமை சட்டமன்றம் கூடுகிறது. திருவொற்றியூரின் இந்த நான்கு தெருக்களுக்காக எம்.எல்.ஏ. சபையில் என்ன பேச வேண்டும் என்று மாலை ஐந்துக்குள் மனு கொடுத்தாக வேண்டும். "லிஸ்ட்ல மொதல்ல கீற கோரிக்கையதான் பேச டைம் கிடைக்கும் சார்," என்று எம்.எல்.ஏ. அலுவலகத்து டோரதி போனிலேயே சொல்லிவிட்டாள்.

"அப்போ நிலக்கரித் தூசிதான் ஃபர்ஸ்ட்டு," என்றார் லோகநாதன். "சங்கத்த ஆரமிச்சது எங்க நைனா."

"மழ வந்தா எங்க வூட்ல கட்டிலு மெதக்குது. வடிகாலு ஃபர்ஸ்ட்டு," என்றாள் சொக்கம்மாள்.

"பஸ் இல்லாம பிள்ளைங்க மூணு கிலோமீட்டர் நடக்குதுவ. என்ன பேசுதிய அண்ணே?" என்றாள் ரோஸ்மேரி.

"தெரு வாசல்ல லாரிங்கோ நின்னுக்கினு கீது. புள்ளத்தாச்சிய இட்டுக்கினு போவ ஆட்டோ நுழையல," என்றான் ஷாரிக்.

லோகநாதனுக்கு உள்ளுக்குள் வேறொரு கவலை. அவருடைய தந்தை செங்குட்டுவன் கொண்டுபோன மனு ஒன்றுகூடப் பலிக்காமல் போனதில்லை. மகன் கொண்டுபோன ஆறும் பலிக்கவில்லை. ஏழாவதும் போனால் தலைவர் பதவி வேறு வீட்டுக்குப் போய்விடும். எந்த வீட்டுக்கு என்பதையும் சொக்கம்மாள் மறைக்காமல் சொல்லியிருந்தாள்.

"நம்பரே போட வாணாம்," என்றார் லோகநாதன்.

"மேல எது எழுதுவ?" என்றாள் சொக்கம்மாள்.

சங்கத்து கேரம் போர்டில் சார்ட் பேப்பரை ஒட்டி, நான்கு பக்கமும் நான்கு கோரிக்கைகளை எழுதினார்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தாலும் அவரவர் கோரிக்கைதான் முதலில். லோகநாதன் தம் பக்கத்தைத் தூய தமிழில் எழுதி, ஒருமுறை உரக்கப் படித்தும் காட்டினார்.

"யாரு தூக்கினு போறது?" என்றான் ஷாரிக்.

நான்கு பேரும் நான்கு பக்கம் பிடித்தார்கள். வாசலைத் தாண்டுவதற்குள் ரோஸ்மேரி நின்றுவிட்டாள். "தலைவர் முன்னால போறாவ. நான் என்ன அவருக்குக் குடை பிடிக்கவா வாரேன்?"

போர்டைத் திருப்பி மூலைகளைப் பிடித்தார்கள். அப்போதும் இரண்டு பேர் முன்னால், இரண்டு பேர் பின்னால். கடைசியில் பந்தல் போட வைத்திருந்த இருபதடிச் சவுக்குக் கழியை எடுத்து, நடுவில் போர்டைக் கட்டித் தொங்கவிட்டு, நால்வரும் ஒரே வரிசையில் கழியைத் தோளில் வைத்துக்கொண்டார்கள். செய்தி கேட்டு ஒவ்வொருவர் பின்னாலும் அவரவர் தெரு ஜனம் சேர்ந்துகொண்டது.

அப்படியே மெயின் ரோட்டில் இறங்கித் தெற்கே நடந்தார்கள். ஒருவர் கால் மற்றவரை முந்தக் கூடாது என்பதால் நடை மெதுவாகத்தான் போயிற்று.

பின்னால் ஒரு ஹாரன் கேட்டது. பிறகு பத்து. பிறகு எண்ணி மாளவில்லை.

"இன்னா நைனா சத்தம்?" என்றான் ஷாரிக்.

"டிரைவருங்கோ மரியாத பண்றாங்கோ. திரும்பாத!" என்றார் லோகநாதன்.

திரும்பவும் முடியாது. திரும்பினால் தோள் பின்வாங்கும். தோள் பின்வாங்கினால் அந்தத் தெரு பின்தங்கியதாகிவிடும். நான்கு கழுத்துகளும் நேராகவே இருந்தன.

ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அலுவலகம் வந்தது. எம்.எல்.ஏ. வாசலிலேயே நின்றிருந்தார். ஓடிவந்து கழியின் ஒரு முனையைத் தம் கையாலேயே இறக்கினார்.

"நாலையும் பேசறேன்யா. நாலையும்! எல்லாரும் மொதல்ல இப்படி நிழலுக்கு வாங்க."

செங்குட்டுவன் காலத்தில்கூட எந்த எம்.எல்.ஏ.வும் வாசலுக்கு வந்ததில்லை. லோகநாதனின் முதுகு இன்னும் இரண்டு அங்குலம் நிமிர்ந்தது.

எம்.எல்.ஏ. சொன்னபடியே செய்தார். முதல் நாளே நான்கும் சபையில் ஒலித்தன. அடுத்த மாதம் தெரு வாசலிலிருந்து லாரிகள் அகன்றன. பள்ளி நேரத்துக்குப் பஸ் வந்தது. வடிகாலுக்குப் பள்ளம் தோண்டினார்கள். தூசி அளக்கும் கருவி ஒன்று கம்பத்தில் ஏறியது. நான்கு தெருவும் பட்டாசு வெடித்தது. சொக்கம்மாளே மாலை கொண்டுவந்து போட்டாள்.

"தலிவரே, உன் உயிரு கீற வரைக்கும் நீதான்."

மீன் மார்க்கெட்டிலிருந்து சலூன் வரை ஒரே பேச்சு: லோகநாதன் எழுதிய தமிழைப் படித்து எம்.எல்.ஏ. கண்கலங்கிவிட்டாராம். லோகநாதன் இதை மறுக்கவில்லை. குடும்பப் பெருமையை மறுக்க அவர் யார்?

நன்றி சொல்ல ஒரு சால்வையுடன் அலுவலகம் போனார். எம்.எல்.ஏ. இல்லை. டோரதிதான் இருந்தாள்.

"ஏம்மா, என் எழுத்தைப் படிச்சிட்டு ஐயா அழுதாராமே?"

டோரதி கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதெல்லாம் இல்ல சார். ஐயா நாலையும் பேசறேன்னு சொன்னப்போ உங்க போர்ட யாரும் படிச்சிருக்கவே இல்ல. நீங்க ரோட்டுக்குக் குறுக்கால கழிய புட்ச்சிக்கினு வந்ததுல மூணு மணி நேரம் ஹார்பருக்கு ஒரு லாரி போவல. 'கப்பல் நின்னுக்கினு கீது, அந்தாளு இன்னா கேட்டாலும் குடுத்துட்டு வூட்டுக்கு அனுப்பு'ன்னு மேலேர்ந்து போன் வந்துச்சு."