மாமியார் மூக்குத்தியில் விழுந்த விரல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், மறதி வேறு. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் கற்றதில் என்னிடம் ஒட்டிக்கொண்டது ஒன்றுதான். கையை நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்தி ஒரு கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு மறு கண்ணால். விரல் இடம் மாறிக் குதிக்கும். அங்கே அது குதித்த அகலம் எத்தனை அடி என்று மதித்து, பத்து மடங்காக்கினால் எதிரே இருப்பதன் தூரம். நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நான் அளக்காத தென்னை மரம் இல்லை. (வேலை வெட்டி இல்லாதவள் என்பார் அம்மா.)

இருபது மைல் தள்ளியிருக்கும் கிள்ளானிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கிராணி, ஆபீஸில் கணக்கு எழுதும் வேலை. முன்பு வந்த இடங்கள் தட்டிப்போனதால் அப்பா இதையே நம்பியிருந்தார். நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கம். ஆனால் அடுப்படித் திரைக்குப் பின்னால் நின்றதும் கை சும்மா இருக்கவில்லை. ஒரு கண்ணை மூடினேன். விரல் மாப்பிள்ளை மேல். மறு கண்ணை மூடினேன். பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் அம்மாவின் மூக்குத்தி மேல். திரை விலகியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

“ஐயோ, கண்ணடிக்கிறா! கட்ட வெரல வேற காட்டுறா!” என்று கத்தினார் மாப்பிள்ளையின் அம்மா.

“கண்ணுல தூசுங்க,” என்றார் அப்பா.

“வெரல்லயுமா தூசு?”

அந்த அம்மா எழுந்துவிட்டார். அப்பாவின் முகம் வெளுத்துப்போனது. எங்கிருந்துதான் குரல் வந்ததோ, “தூரம் அளந்தேங்க,” என்றேன்.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். “நட்சத்திரத்தையும் இப்படி அளப்பீங்களா?”

“முடியாதுங்க. ரெண்டு கண்ணுக்கும் நடுவுல எடம் பத்தாது. ஒரு கண்ண இங்கயும் இன்னொண்ண கிள்ளான்லயும் வச்சாலும் அது அசையாது. ஆறு மாசத்துல பூமி சூரியனுக்கு அந்தப் பக்கம் போனதும் மறுபடி பார்த்தாத்தான் கிட்ட இருக்கிற நட்சத்திரம் துளி நகருமாம். ரொம்ப தூரத்துல இருக்கிறது அதுக்கும் நகராதாம். வாத்தியார் சொன்னாரு.”

வேற்று மனிதர் முன் நான் பேசிய முதல் பேச்சு அது. (இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிமிர்கிறது.)

“உக்காரும்மா,” என்றார் மாப்பிள்ளை தன் அம்மாவிடம். “எது முடியும், எது முடியாதுன்னு தெரிஞ்ச பொண்ணு. இதுவே போதும்.”

கடைசி வரை என் மாமியார், வந்தவர்களிடமெல்லாம், “என்னைய அளந்து பார்த்துட்டுத்தான் இவ வீட்டுக்குள்ள வந்தா,” என்பார். இன்றும் எட்டாத எதைப் பற்றிப் பேசினாலும் என் பேரப்பிள்ளைகள் விரலை நிமிர்த்தி, கண்ணை மாற்றி மாற்றி மூடுகிறார்கள்: “அசையல பாட்டி!”

அந்த ஆறு மாதக் கணக்கைப் படித்தவர்கள் யாராவது சரிபாருங்கள். மூக்குத்தியைச் சரிபார்க்க வேண்டாம். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.