திருப்பிச் சொல்லச் சொன்ன டவர்

பந்தியில் சாம்பார் கேட்டுவிட்டு, பரிமாறுகிறவனை நிறுத்தி, "இப்ப நான் என்ன கேட்டேன்? திருப்பிச் சொல்லு" என்ற மனிதர் பூமியில் ஒருவர்தான். அவருக்கு டவர் என்று பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும்.

விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உட்கார்ந்து விமானிகளோடு பேசியே ஓய்வு பெற்றவர். 2006-இல், படகுகளோடு வயர்லெஸ்ஸில் பேச எங்கள் கடலூர் மீன்பிடித் துறைமுக அலுவலகத்துக்கு வந்தார். பக்கத்து நாற்காலியில் பதிவேடு எழுதியவன் நான். எழுதியதைவிடத் தூங்கியது ஜாஸ்தி.

கோபுரம் சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அது போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். இந்தச் சட்டத்தை டவர் வானத்திலிருந்து தரைக்கு இறக்கிவிட்டார். சிதம்பரத்திலிருந்து தினமும் கடலூர் ஓல்டு டவுனுக்கு பஸ்ஸில் வருவார். கண்டக்டரையும் விடமாட்டார்.

"ஓல்டு டவுன் ஒண்ணு. திருப்பிச் சொல்லுங்க."

"சார், நான் டிக்கெட்டு கிழிக்க வந்தவன். பாடம் ஒப்பிக்க வரல."

வாக்குவாதம் முடிவதற்குள் முட்லூர் வந்துவிடும்.

படகுக்காரர்களில் குமரவேலுக்கு வாய் நீளம். "காது மந்தம் ஒங்களுக்கா எங்களுக்கா மாமா?" என்பான். மைக்கிலேயே மற்ற படகுகள் சிரிக்கும்.

ஓர் ஐப்பசிக் காலையில் காற்று திடீரென்று ஏறியது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்ததால் ஒரு நேரத்தில் ஒரு படகுதான் நுழையலாம். ஏழுமலையும் குமரவேலும் ஆளுக்கொரு பக்கமிருந்து ஒன்றாக வந்து சேர்ந்தார்கள்.

"ஏழுமல, நீ உள்ள வா. குமரவேலு, நீ வெளியவே நில்லு" என்றார் டவர்.

ஏழுமலை ஒப்பித்தான். குமரவேல், "ஆவட்டும் மாமா" என்றான். நான் அதைப் பதிவேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன்.

டவர் மைக்கை விடவில்லை. "குமரவேலு, திருப்பிச் சொல்லு."

"அலையில உசுரு போவுது, இப்பப் போயி..."

"சொல்லுடா!"

"உள்ள வான்னீங்க. வந்துக்கினு இருக்கேன்."

பாதிச் சேதிதான் போயிருக்கிறது, அதுவும் ஏழுமலைக்குச் சொன்ன பாதி. என் பேனா கீழே விழுந்தது. டவரின் குரல் மட்டும் ஏறவே இல்லை. "குமரவேலு, வடக்க திரும்பு. வெளிய நில்லு. திருப்பிச் சொல்லு."

இரைச்சல். மறுபடி சொன்னார். மறுபடியும் இரைச்சல். மூன்றாம் தடவை, வார்த்தை பிசகாமல் வந்தது:

"வடக்க திரும்புறேன். வெளிய நிக்கிறேன், மாமா."

இரண்டு படகும் ஒன்றன்பின் ஒன்றாகக் கரை சேர்ந்த பிறகுதான் டவரின் கை நடுங்க ஆரம்பித்தது. டீ கிளாஸைத் தூக்க முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன், அவர் குடித்தார்.

அந்த அலுவலகத்தில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.