கௌசலாவின் கசெற் குறித்துச் சம்பந்திக்கு எழுதியது

ஸ்கந்தபுரம்,
20.04.1994

மதிப்புக்குரிய சம்பந்தி செல்வராசா அவர்களுக்கு,

இங்கு நானும் என் மனைவி நாகேஸ்வரியும் பிள்ளைகள் இருவரும் இரண்டு மாடுகளும் தேக சுகத்தோடு இருக்கிறோம். பூவரசங்குளத்தில் நீங்களும் சம்பந்தி அம்மாவும் அவ்வாறே இருக்கவேண்டும் என்று எங்கள் பிள்ளையாரிடம் நேற்றும் சொல்லிவிட்டு வந்தேன். தாங்கள் பங்குனியில் எழுதிய கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. வழியில் யாரோ பிரித்து வாசித்துவிட்டுச் சோற்றுப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். இதையும் அவர்கள் வாசிப்பார்கள் என்பதால், அவர்களுக்கும் விளங்கும்படி எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறேன்.

உங்கள் மகள் கௌசலாவை மேடையேற்றிப் பாடவைத்துவிட்டேன் என்றும், கலியாணம் பேசும்போது தந்த வாக்கு என்னவாயிற்று என்றும், வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். வாக்குத் தந்தது உண்மை. "பிள்ளை பாடுவாள், ஆனா சபையிலை பாட விடாதையுங்கோ, சனம் நாலு விதமாக் கதைக்கும்" என்று நீங்கள் சொல்ல, "ஓம், அதுக்கென்ன" என்று தலையாட்டியவன் நான்தான். அப்போது என் வாய்க்குள் வடை இருந்தது என்பதை ஒரு காரணமாகச் சொல்லமாட்டேன்.

கௌசலா தானே பாட்டுக் கட்டி, தானே மெட்டும் போட்டு, ஒரு கொப்பியில் எழுதிவைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். மாசியில் நெல் காயப்போட்டபோது அவள் பாட, அயலுக்குள் எல்லாரும் அதையே முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கொப்பியைக் கறையான் தின்றால் பாட்டும் போய்விடும், ஒரு கசெற்றில் பதிந்து வைப்போம் என்றான் மகன் ஜனகன். நானும் யோசித்தேன். கசெற் என்பது சபை அல்ல, அதற்குள் முகம் தெரியாது, ஆகவே வாக்குக்குப் பங்கமில்லை. இந்த நியாயத்தை நான் கண்டுபிடித்தபோது எனக்கே என் மூளையில் ஒரு மரியாதை வந்தது.

ஒலிப்பதிவுக் கலையகத்துக்கு எங்கே போவது. எங்கள் நெல்லறையில் நாலு சுவரோடும் மூட்டை அடுக்கியிருந்ததால் எதிரொலி இல்லை, அதுவே கலையகமாயிற்று. மின்சாரமும் இல்லை, தடையால் பற்றரியும் வராது, ஆகையால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேப் ரெக்கோடரை ஓட்டினோம். முதலில் மிதித்தவன் ஜனகன். ஆனால் தன் மனைவி உருகிப் பாடுகிற இடமெல்லாம் இவன் காலை மறந்து வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றான். மிதி குறைந்தால் நாடா மெதுவாக ஓடும், பிறகு போட்டுக் கேட்டால் அந்த இடத்தில் குரல் கிறீச்சென்று பறக்கும். முதற்பாட்டில் கௌசலா நாலு தரம் சின்னப்பிள்ளையாகித் திரும்ப வளர்கிறாள். அவனை இறக்கிவிட்டு நான் ஏறினேன். தாளம் போட்டது எங்களோடு வயல் செய்கிற, மலையகத்திலிருந்து வந்து குடியேறிய வீரம்மா. வெறும் எண்ணெய்த் தகரக் கானில் விரலால் தட்டினால் மத்தளம் தோற்றுப்போகும். அவள் பாதியில் நிறுத்தி, "ஐயா, இது களை புடுங்குற பாட்டுங்க. நீங்க பஸ்ஸைப் புடிக்கப் போற மாதிரி மிதிக்கிறீங்க" என்றாள். அறுபத்திரண்டு வயதில் களை பிடுங்கும் வேகத்துக்குச் சைக்கிள் மிதிக்கப் பழகினேன் சம்பந்தி. மூன்றாவது பாட்டின் நடுவில் நாகேஸ்வரியின் குரல், "பிள்ளை, சோறு ஆறுது, நிப்பாட்டிப்போட்டு வா" என்று விழுந்துவிட்டது. திரும்பப் பாட எனக்குக் கால் இல்லை, அப்படியே விட்டோம். ஐந்தாவது பாட்டுக்குக் குண்டு போடுகிற விமானம் வந்தது. எல்லாரும் வளவில் வெட்டிய பங்கர்க் குழிக்குள் இறங்க, ஜனகன் ரெக்கோடரையும் சைக்கிளையும் சேர்த்து இறக்கினான். விமானம் போனபிறகும் மேலே ஏற மனமில்லாமல் அங்கேயே பாடினோம். ஒன்பது பாட்டிலும் துலக்கமானது அதுதான், எனது இருமல் இரண்டைத் தவிர.

ஒன்று சொல்லவேண்டும், கோபிக்கவேண்டாம். வெறும் கசெற் எங்கும் கிடைக்காததால், பிள்ளைகளின் கலியாணக் கசெற்றின் மேல்தான் பதிந்தோம். ஒன்பதாவது பாட்டு முடிந்ததும் பழையது எட்டிப்பார்க்கிறது. கொஞ்சம் நாதஸ்வரம், பிறகு தெளிவாக உங்கள் குரல், "மாப்பிளை வீட்டுக்காரர் எல்லாரும் சாப்பிட்டிட்டினமோ? அந்த மூலையிலை இருக்கிறவைக்குப் பாயசம் குடுங்கோ." கிளிநொச்சியில் கசெற் கடை வைத்திருக்கிற கனகலிங்கம் இதைக் கவனியாமல் முப்பது பிரதி எடுத்துவிட்டார். முப்பது வீட்டிலும் நீங்கள் பாயசம் கொடுக்கச் சொல்கிறீர்கள். நல்ல மனுசன் போல இருக்கு, யார் இவர் என்று பலரும் விசாரிக்கிறார்கள்.

வெளியீட்டை வாசிகசாலையில் வைத்தோம். கௌசலாவைப் பின்னால், பெண்களோடு இருத்தினோம். மேடையில் ரெக்கோடர் மட்டும்தான் இருந்தது, இதை நீங்கள் நம்பவேண்டும். ஜனகன் மிதிக்க ஏறியதும் ரயர் வெடித்தது. எனது முழங்கால் ஏற்கெனவே பூசணிக்காய் அளவு. பிரதம விருந்தினராக வந்த கனகலிங்கத்திடம் புதுச் சைக்கிள் இருந்தது, ஆனால் அதில் வேறு ஆள் காலை வைக்க விடமாட்டார். ஆகவே வேட்டியும் மாலையுமாகத் தானே ஏறி மிதித்தார். இருநூறு சனம் பார்க்கிறதென்றால் ஆருக்குத்தான் கால் நிற்கும். வெள்ளத்தில் வயல் அழிந்த பாட்டு ரெயில் ஓடுவதுபோல் ஓட, முன்னுக்கிருந்த குஞ்சு குருமான்கள் எழும்பி ஆடத் தொடங்கின. பிறகு நாடா சிக்கி, இடியப்பம் மாதிரி வெளியே வந்துவிட்டது. சனம் சிரித்தது. பிறகு சிரிப்பும் நின்று, வீட்டுக்குப் போகச் செருப்பைத் தேடத் தொடங்கியது. அது சிரிப்பிலும் மோசம்.

கௌசலா பின்னாலிருந்து எழும்பி என்னைப் பார்த்து, "மாமா?" என்றாள். அந்த ஒரு சொல்தான். உங்களுக்குத் தந்த வாக்கு எனக்கு நினைவில் இருந்தது. அவளுடைய முகமும் எனக்கு முன்னால் இருந்தது. நான் தலையாட்டினேன். அவள் போய் நின்று, தாளமுமில்லாமல் ஒரு பாட்டுப் பாடினாள்.

உங்களுக்குச் செய்தி கொண்டுவந்தவர் என்ன பாட்டு என்று சொல்லியிருக்கமாட்டார். மாரி மழையில் பள்ளிக்கூடத்தால் பிள்ளையைக் கூட்டிவருகிற ஒரு தகப்பனின் பாட்டு அது. "குடையில் நனையாத பக்கம் எனக்கு, நனைகிற பக்கம் அப்பாவுக்கு" என்று வரும். பாடி முடிந்தது. கனகலிங்கம் சைக்கிளில் இருந்தபடியே மாலையால் கண்ணைத் துடைத்தார். நாலு விதமாக ஒருவரும் கதைக்கவில்லை, ஒரே விதமாகத்தான் கதைத்தார்கள்.

ஆனாலும் வாக்கு வாக்குத்தான். மீறியவன் நான், பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. மன்னித்துக்கொள்ளவும். இனி எந்தச் சபையிலும் கௌசலா பாடமாட்டாள் என்று இதன்மூலம் எழுத்தில் உறுதி தருகிறேன். இம்முறை வாய்க்குள் ஒன்றும் இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போகும் எண்ணத்தைக் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அவள் இல்லாவிட்டால் இந்த வீட்டில் நாகேஸ்வரியும் நானும் ஒருவர் குறையை ஒருவர் சொல்லிக்கொண்டு இருப்போம்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் கிணறும் வயலும் வற்றாமல் இருக்கட்டும். மருமகன் இரண்டு பேர் காலிலும் விழுந்ததாக எழுதச் சொன்னான்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லுக்கு அடங்கிய சம்பந்தி,
வே. நல்லதம்பி

பி.கு.: கடிதம் கொண்டுபோக ஆள் கிடைக்காமல் ஐந்து நாள் இங்கேயே கிடந்துவிட்டது. இதற்கிடையில் வியாழக்கிழமை அக்கராயனிலிருந்து மூன்று பேர் வந்து, கோயில் பொங்கலுக்குக் கௌசலா பாடவேண்டும் என்று கேட்டார்கள். சம்பந்திக்கு விருப்பமில்லை என்று அனுப்பிவிட்டேன். பிள்ளை தண்ணீர் அள்ளினாள், சோறு போட்டாள், கேட்டதற்கெல்லாம் மறுமொழி சொன்னாள். பாட்டு மட்டும் இல்லை. மூன்று நாள் பொறுத்த நாகேஸ்வரி நேற்றுக் காலை, "வாக்குக் குடுத்தது நீங்கள், வாயை மூடிக்கொண்டு இருக்கிறது அவள். இது என்ன நியாயம்?" என்று கேட்டா. நோகிற காலோடு அக்கராயனுக்கு மிதித்துப்போய், வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆகவே மேலே தந்த உறுதியைத் தயவுசெய்து நீங்களே வெட்டிவிடவும், எனது பேனையில் மை முடிகிறது. வைகாசி இரண்டாம் வெள்ளி, பின்னேரம் மூன்று மணி. நீங்கள் இருவரும் வந்து இருக்கும்வரை தொடங்கவேண்டாம் என்று கோயில்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.