டைனிங் டேபிளில் ஒரு கோடு

தனியாக இருப்பவனிடம் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் அவனுக்குப் பதிலை நிறுத்தத் தெரியாது.

ஜியாலஜி படித்துவிட்டு ஹைதராபாத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். ஹப்சிகுடாவில் ஒரு மாடி அறை. விடுமுறை நாட்களில் பால் பாக்கெட் வாங்கும்போது பேசுவதுதான் பேச்சு. கீழே வீட்டுக்காரர்கள், தலைமுறைகளாக செகந்திராபாத்தில் ஊறிய தமிழர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி சாப்பிடக் கூப்பிட்டார். வீட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து மாதக்கணக்காகியிருந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் அங்கிள் ஷோகேஸிலிருந்து ஒரு கறுப்புக் கல்லை எடுத்துவந்தார்.

"விகாராபாத் பக்கம் கிடைச்சது தம்பி. வானத்துலேர்ந்து விழுந்த கல்லு. நீங்க கல்லுதானே படிச்சீங்க, சொல்லுங்க!"

இந்த ஊரில் என் படிப்பைப் பற்றிக் கேட்ட முதல் மனிதர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"விண்கல்னா பெரும்பாலும் காந்தம் ஒட்டணும் அங்கிள்." ஃபிரிட்ஜில் இருந்த காந்தப் பொம்மையைப் பிடுங்கி வைத்தேன். ஒட்டவில்லை. அங்கிளின் முகம் வாடியது. (அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.) எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். "சுண்ணாம்புக்கல்னா நுரைக்கும்." நுரைக்கவில்லை. பாட்டில் சில்லு மாதிரி வளைந்து, கூராக உடைந்திருந்த ஓரத்தைக் காட்டினேன்.

"இது செர்ட். நம்ம சக்கிமுக்கிக் கல்லோட ஜாதி. பழைய ஏரிச் சேத்துல சிலிக்கா ஊறி இறுகினது. கத்தியால கீற முடியாது. இது கண்ணாடியையே கீறும், பாருங்க!"

பார்த்தார்கள். டைனிங் டேபிளின் கண்ணாடியில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை.

டேபிள் முந்தின நாள்தான் வந்ததாம்.

"கைக்கு தம்பி? கைக்கு?" என்று, எதற்கு என்பதை ஹைதராபாத் உருதுவில் கேட்டார் அங்கிள், அழாத குறையாக.

பாயசம்கூடச் சாப்பிடாமல் மாடியேறினேன். அறையைக் காலி செய்யச் சொல்லப் போகிறார்கள், இனி பால்காரர்தான் கதி என்று படுத்துக் கிடந்தேன். சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. கையில் பாயசத்தோடு ஆன்ட்டி.

"டேபிள் போனா போகட்டும், விடுங்க. வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் விண்கல்லு, விண்கல்லுன்னு எத்தனை வருஷமா என் காதை அறுத்தாரு! இன்னியோட நின்னுது." ஆன்ட்டியால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இப்போதும் விருந்தாளி வந்தால் அங்கிள் அந்தக் கோட்டைத்தான் காட்டுகிறார். காட்டிவிட்டு மாடியைப் பார்த்து, "ஓ செர்ட்டு! கொஞ்சம் கீழ வாங்க!" என்று குரல் கொடுப்பார். என் பெயர் அதுவல்ல. ஆனாலும் ஒரு தடவைகூட இறங்காமல் இருந்ததில்லை.