ஆர்க்கிட்டை அழைத்துச் செல்லக் கோரி மச்சானுக்கு

டத்தோ கிராமாட், பினாங்கு.
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் யுகேந்திரன் அவர்களுக்கு, உங்கள் தங்கை மோகனாவின் வீட்டுக்காரன் பிச்சைமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம், தனித்தனியாக நலம். கேமரன் மலைக் குளிரில் நீங்களும் குடும்பமும் நலமாக இருக்க மாரியம்மன் துணை. என் கைப்பேசி பெரும்பாலும் உங்கள் தங்கையின் கையில் இருப்பதால் வாட்ஸ்அப்பைத் தவிர்த்துத் தபாலில் எழுதுகிறேன்.

விஷயம், நான் வேலை ஓய்வு பெற்றபோது நீங்கள் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த ஆர்க்கிட் செடியைப் பற்றியது. "கொஞ்சம் குளிரு, கொஞ்சம் ஈரக்காத்து, நேரா வெயில் படாத வெளிச்சம், அவ்ளோதான் மாப்ளே" என்றீர்கள். பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலையில் தூசு நுழையாத அறையின் குளிரையும் ஈரத்தையும் முப்பது வருடம் காவல் காத்தவனிடம் போய் இதைச் சொல்கிறாரே என்று அன்றைக்கு மனதுக்குள் சிரித்தேன். அதற்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

முதலில் ஹால் ஜன்னலில் வைத்தேன், மதிய வெயிலில் ஓர் இலை அப்பளமாகப் பொரிந்துவிட்டது, சரி என்று படுக்கையறைக்கு மாற்றி, ஜன்னலில் உங்கள் தங்கையின் பாத்தேக் கைலியைக் கட்டி, ஏர்கானைப் போட்டேன், ஆனால் தொழிற்சாலையில் ஈரம் ஏறினால் அலாரம் அடிக்கும், அதை இறக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம், அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போய் ஏர்கானைக் காற்றை உலர்த்தும் பட்டனில் வைத்துவிட்டது, ஒரு வாரத்தில் இலையெல்லாம் சுருங்கிப் போக, பயந்துபோய் ஆவி விடும் மெஷின் வாங்கி, அது போதாதென்று ரைஸ் குக்கரைத் திறந்து வைத்து, கட்டிலைச் சுற்றி நனைத்த துண்டுகளைத் தொங்கவிட்டேன். செடி தேறியது. அலமாரியில் உங்கள் தங்கையின் கூறைச்சேலை பூஞ்சணம் பிடித்தது. அவள் ஹாலில் பாய் விரித்துப் படுத்துவிட்டாள்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. செடிக்கு நோய் தொற்றக்கூடாதே என்று, கால் கழுவாமல் யாரும் அறைக்குள் வரக்கூடாது என்றேன். பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி எல்லாவற்றையும் கூட்டிக் கணக்குப் போட்டுவிட்டார். ஜன்னலில் துணி, சாத்திய கதவு, கால் கழுவுதல், பெண்சாதி ஹாலில். மறுநாள் நம் வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்குகிறது, கையில் இளநீரோடு அவர் நிற்கிறார். "அண்ணனுக்கு அம்மை போட்டிருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா மோகனா?"

உங்கள் தங்கை என்ன சொல்லியிருக்க வேண்டும்? இல்லை என்றால், புருஷன் ஒரு செடிக்காகத் தன்னை வெளியே படுக்க வைத்த கதையைச் சொல்ல வேண்டும். "ஆமாக்கா, ரொம்ப முத்து" என்றுவிட்டாள். அன்றிலிருந்து உடம்பில் ஒரு கொப்புளமும் இல்லாத நான் வாசல்படி தாண்டவில்லை. டீக்கடை போச்சு, மீன்கறி போச்சு. கஞ்சியும் மோரும்தான். ரசத்தையாவது தாளித்துக் கொடு என்று கெஞ்சினால், "அந்தக்கா மூக்கு சும்மா இருக்காது, அம்மை போட்ட வீட்ல தாளிப்பாங்களா?" என்கிறாள்.

இப்போது கெடு வைத்திருக்கிறாள். "சனிக்கிழமைக்குள்ள அந்தச் செடி போகணும். இல்லன்னா நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன். எனக்கும்தான் குளிரு புடிக்கும்." மச்சான், உள்ளதைச் சொல்கிறேன், வேலை ஓய்வுக்குப் பிறகு என் கவனிப்பை எதிர்பார்த்து இந்த வீட்டில் இருந்தது அந்தச் செடி ஒன்றுதான். அதைப் பிரிய மனம் வலிக்கிறது. ஆனால் மோகனா இல்லாமல் எனக்கு ஒரு பொழுதும் ஓடாது. ஆகவே தயவுசெய்து சனிக்கிழமை கார் எடுத்து வந்து செடியைக் கொண்டுபோய்விடுங்கள்.

உங்கள் வீட்டில் அக்காவுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு நிறைந்த ஆசியும். எல்லோரும் நீண்ட ஆயுளோடு, நல்ல காற்றோட்டத்தோடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்
பிச்சைமுத்து

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் தங்கை அறையிலிருந்து கூப்பிட்டாள். இலையிடுக்கில் பச்சையாக ஒரு பூந்தண்டு எட்டிப் பார்க்கிறது, நீங்கள் சொன்ன குளிர் வேலை செய்துவிட்டது. அந்த நொடியிலிருந்து அது "உங்க செடி" இல்லையாம், "எங்கண்ணன் குடுத்த செடி"யாம். கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு, "உங்க மூச்சு சூடு, மொட்டு கருகிடும், நீங்க ஹால்ல படுங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள். சனிக்கிழமை அவசியம் வாருங்கள் மச்சான். செடி இங்கேயே இருக்கட்டும், என்னை ஏற்றிக்கொண்டு போங்கள்.