நூற்றெண்பது பேருக்கு ஒரே கேள்வி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அடுத்தவர் வீட்டுச் சங்கதி தெரியாவிட்டால் சோறு இறங்காது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் இறங்குவதற்குள் அவருடைய மாமனார் ஊர், சர்க்கரை அளவு, பையன் படிப்பு மூன்றையும் கறந்துவிடுவேன். இப்படிப்பட்டவன் போட்டோகிராபர் ஆனால் என்ன நடக்கும் என்பதற்கு, தொண்ணூறுகளில் சிங்காநல்லூர் பக்கம் இருந்த ஒரு மில்லே சாட்சி.

அப்போது ஸ்டுடியோ திறந்து ஏழு மாதம். பாஸ்போர்ட் சைஸைத் தாண்டி ஒரு வேலையும் வரவில்லை. (போர்டில் மட்டும் 'சகல விசேஷங்களுக்கும்' என்று எழுதியிருந்தேன்.) அந்த நேரத்தில்தான் மில்லில் நூற்றெண்பது பேருக்கு அடையாள அட்டைப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். நன்றாக அமைந்தால் ஆண்டு விழாவும் எனக்குத்தான் என்றார்கள். சொதப்பினால் கடையைப் பூட்டிவிட்டு, பெரியநாயக்கன்பாளையத்தில் மாமாவின் லேத் பட்டறையில் போய் நிற்க வேண்டியதுதான்.

அந்த வயதில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. கேமராவைப் பார்த்து விறைத்துப்போகிறவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். பதில் சொல்லும்போது முகத்தில் ஒரு களை வரும். அந்த நொடியில் பட்டனை அழுத்திவிட வேண்டும். இதை நானே கண்டுபிடித்தேன் என்று தலைகால் புரியாத பெருமை வேறு.

கேன்டீன் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ஸ்டூல் போட்டு ஆரம்பித்தேன். ஆளுக்கு ஒரே படம்.

"அண்ணா, நேத்து உங்க ஊட்டுல என்ன குழம்புங்க?"

"கொள்ளுப் பருப்புங்க." கிளிக்.

குழம்பில் தொடங்கினால் குடும்பம் முழுக்க வந்துவிடும். ஒருவர் அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய மாடு உதைக்கிறதாம். இன்னொருவர் மச்சினனோடு பேசி எட்டு வருடமாம். அடுத்தவர் என்ன சொல்வாரோ என்ற ஆவலில் எனக்குப் பசியே தெரியவில்லை. சாயங்காலம் ஐந்து ரோலும் தீர்ந்தபோது மில்லில் பாதிப் பேர் எனக்குச் சொந்தக்காரர்களாக ஆகியிருந்தார்கள்.

படங்கள் பிரிண்ட் ஆகி வந்தன. நூற்றெழுபத்தொன்பது பேர் வாயைத் திறந்திருந்தார்கள். கொள்ளுப் பருப்புக்காரர் அடுப்பு ஊதினார். மாட்டுக்காரர் கொட்டாவி விட்டார். மச்சினன்காரர் யாரையோ கடிக்கப் போனார். (சின்னதாக வெட்டினால் தெரியாது என்று நினைத்தேன். வெட்டிப் பார்த்தால் வாய் மட்டும்தான் தெரிந்தது.)

மேனேஜர் படங்களை மேஜையில் பரப்பி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"ஏனுங் தம்பி, நாம நடத்தறது மில்லுங்களா, பல்லாஸ்பத்திரிங்களா?"

எங்கள் பக்கம் திட்டுகூட 'ங்க' போட்டுத்தான் வரும். வலி மட்டும் குறையாது.

"திங்கக்கெழம மறுபடி எடுத்துக் குடுத்துப்போடுங்க. அதும் இப்பிடியே வந்துச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறமுங்க." பிறகு ஒரு படத்தை மட்டும் தனியே எடுத்தார். "இந்தப் புள்ளது மட்டும் எப்பிடி நல்லா வந்துது?"

நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்த செல்வி. வாய் மூடியிருந்தது, கண்ணில் சிரிப்பு இருந்தது. அவமானத்தைவிட இது எப்படி என்ற ஆவல்தான் என்னை அரித்தது. ஷிப்ட் விடும் நேரம் மில் கேட்டில் போய் நின்று கேட்டே விட்டேன்.

"நீங்க கேட்டதுக்கு 'ரசம்'னு ஒத்த வார்த்தை சொல்லிப்போட்டு வாய மூடிக்கிட்டனுங்க," என்றாள். "எனக்கு முன்னால நின்னவங்க வாயத் தொறக்கறதும் நீங்க அமுத்தறதும் ஒண்ணா இருந்துதுங்க. பதில் சொல்லி முடிச்சு வாய மூடுவாங்கள்ல, அப்ப அமுத்துங்க."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க!"

"அத நீங்க கேக்கலீங்களே."



திங்கட்கிழமை மேனேஜரிடம் கேட்டு அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். நான் கேட்பேன், அவர்கள் சொல்லி முடிப்பார்கள், அவள் "இப்ப" என்பாள். புதுப் படங்களைப் பார்த்தபோது மேனேஜர் கண்ணாடியைக் கழற்றவேயில்லை. (அவர் அகராதியில் அது பாராட்டு.) ஆண்டு விழா வேலை கிடைத்தது, கடை தப்பியது. அடுத்த வருடம் செல்வியிடம் வேறொரு கேள்வி கேட்டேன். அதற்கும் ஒத்த வார்த்தையில்தான் பதில் சொன்னாள். அன்றிலிருந்து ஸ்டுடியோவில் கேள்வி என்னுடையது, பட்டன் அவளுடையது. மில்லில் படம் எடுத்துக்கொண்டவர்கள் வீட்டு விசேஷமெல்லாம் எங்களைத் தேடித்தான் வந்தன.

ஆனால் அவள் அன்று கேட்டில் சொன்ன அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. மகள் பத்தாவது படித்தபோது ஒரு நாள், வாடிக்கையாளர் ஒருவரிடம் அவர் வீட்டு எருமையின் உடல்நலத்தை அரைமணி நேரம் போனில் விசாரித்துவிட்டு நிமிர்ந்தேன். எதிரே மகள் மூக்குக் கண்ணாடியோடு நின்றாள்.

"எப்ப கண்ணு கண்ணாடி போட்ட?"

"மூணு வாரமாச்சுப்பா."

"எங்கிட்ட யாருமே சொல்லலியே!"

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள்:

"அத நீங்க கேக்கலீங்களே."