நின்ற வண்டியில் வீங்கிய டயர்

கடிகாரக்காரர் தன் கடை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, காரின் பின்பக்க இடது டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் பூசணிக்காய் அளவு.

"அமுக்கினா உள்ள போகுதா பாருங்க," என்றார் பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

அமுக்கினார். போகவில்லை.

கார் வாங்கி இருபது நாள்தான் ஆகிறது. வாங்கியவர் அவர் இல்லை, அவர் மனைவி. பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். தன் சம்பாத்தியத்தில், தன் பேரில் எடுத்த முதல் வண்டி. மூன்று நாள் பயிற்சிக்காக வெளியூர் கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"வண்டியைத் தொடாதீங்க. துடைக்கக்கூட வேண்டாம். அப்படியே நிக்கட்டும்."

சொன்னதோடு விட்டாளா? நோயாளிக்குக் காய்ச்சல் குறிக்கிற கட்டம் போட்ட தாள் ஒன்றை பிரிட்ஜ் கதவில் ஒட்டி, 'கிலோமீட்டர் 412' என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டிருந்தாள். அவளையும் குறை சொல்ல முடியாது. அவளுடைய பழைய ஸ்கூட்டரை ஆஸ்பத்திரி கேட்டிலேயே மோதி, அதே ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்ட மகராசன் அவர்.

தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். சத்தியம் ஒன்றரை நாள் தாங்கியது. இரண்டாம் நாள் மழை. ஆளுயரச் சுவர்க்கடிகாரம் ஒன்றை ஒரு வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நாலு தெருதானே என்று எடுத்தார். திருப்பத்தில் நடைபாதைக் கல்லில் 'டப்' என்று ஒரு சத்தம். கடிகாரம் பிழைத்தது, டயர் வீங்கியது.

'இவரை நம்பி ஒரு பொருளை விட்டுட்டுப் போகலாம்' என்று மனைவி ஒரு தடவையாவது நினைக்க வேண்டும் என்பது பதினாறு வருஷமாக அவருடைய ஒரே ஆசை. அதுவும் இப்போது காற்றோடு போய்விடும்போல் இருந்தது.

"என்ன அழகான டயர் பாருங்க," என்று புலம்பினார். "மத்த மூணும் தூசியும் தும்புமா இருக்கு. இது மட்டும் கருகருன்னு மின்னுது. போயும் போயும் இதுலதானா இடிக்கணும்?"

"டிக்கியில ஸ்டெப்னி இருக்குமே, எடுத்து மாட்டிடுங்க," என்றார் மூக்குக்கண்ணாடி.

திறந்து பார்த்தார்கள். மாற்றுச் சக்கரம் மஞ்சள் நிறத்தில், மற்றதில் பாதி அகலத்தில் ஒல்லியாகப் படுத்திருந்தது. மாட்டினால் தெருமுனையிலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும்.

"சரி, மீட்டர் என்ன காட்டுது?"

"நானூத்திப் பதினேழு."

"ரிவர்ஸ்ல ஓட்டினா குறையும்னு எங்கேயோ கேட்டிருக்கேன்."

கேட்பார் பேச்சைக் கேட்டால் இப்படித்தான். முட்டுச்சந்தில் பின்னாலேயே போய்ப் போய்ப் பார்த்தார். நானூற்றுப் பதினெட்டு ஆனதுதான் மிச்சம்.

அப்போதுதான் அவருக்கு வாரண்டி ஞாபகம் வந்தது. புது வண்டியாயிற்றே! ஷோரூமுக்கு விட்டார்.

சர்வீஸ் கவுண்டரில் இருந்த பெண் மிகவும் மரியாதையானவள். "டயருக்கு வண்டி வாரண்டி வராது சார். அதுக்கு டயர் கம்பெனி தனியா வாரண்டி கொடுக்கறாங்க. ஆனா தயாரிப்புக் குறை இருந்தா மட்டும்தான். ஆணி, கல்லு, பள்ளம் இதெல்லாம் சேராது. எங்கேயாவது இடிச்சீங்களா?"

அவள் கேட்ட தோரணை அவருக்கு நன்றாகத் தெரிந்த தோரணை. இருபது வருஷமாக அவரே கடையில் உட்கார்ந்து கேட்பதுதான். 'கீழே போட்டீங்களா? தண்ணி போச்சா?' ஒருத்தனாவது ஆமாம் என்றிருப்பானா? 'மேஜை மேலதாங்க இருந்துச்சு, தானா நின்னுடுச்சு' என்பான். அவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, 'வாரண்டி கிடையாது' என்பார்.

"இடிக்கிறதா? நிறுத்தி வச்ச வண்டிம்மா," என்றார் அவர். "நின்ன இடத்துலயே தானா வீங்கிடுச்சு."

அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நின்ன வண்டியிலயா? அப்போ ரொம்பப் பெரிய குறை சார் இது! நான் இப்பவே புகார் பதிவு பண்ணி, டயர் கம்பெனி ஆளையே நாளைக்கு வரவழைக்கிறேன்."

"அவ்வளவு தூரம் எதுக்கும்மா? சும்மா ஒரு டயர் மாத்திக் கொடுத்தாப் போதும்."

"உங்க பாதுகாப்புதான் சார் எங்களுக்கு முக்கியம்," என்று சொல்லிப் பொத்தானைத் தட்டிவிட்டாள்.

நுணலும் தன் வாயால் கெடும். அவர் வீடு வந்து சேருவதற்குள் மனைவியிடமிருந்து போன்.

"என்னங்க, 'உங்கள் டயர் புகார் பதிவு செய்யப்பட்டது'ன்னு எனக்கு மெசேஜ் வந்திருக்கு. யாரு புகார் கொடுத்தது?"

வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தானே மெசேஜ் போகும்! இதை மறந்துவிட்டாரே.

"அது வந்து... புதுசா வண்டி வாங்கின எல்லாருக்கும் அனுப்புவாங்களாம். வாழ்த்து மாதிரி."

"புகாரை எவனாவது வாழ்த்தா அனுப்புவானா?" பிறகு மெல்லக் கேட்டாள். "எந்த டயர்னு சொன்னாங்களா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"வண்டியில யாரையும் கை வைக்க விடாதீங்க. நான் நாளைக்கு மத்தியானமே கிளம்பி வந்துடறேன்."

அவள் குரல் நடுங்கியது. பதினாறு வருஷத்தில் அவள் கத்திக் கேட்டிருக்கிறார், முணுமுணுத்துக் கேட்டிருக்கிறார். நடுங்கிக் கேட்டதில்லை. கோபம் எந்த அளவுக்கு ஏறினால் குரல் நடுங்கும் என்று யோசித்தார்.

மறுநாள் காலையில் ஷோரூமில் டயர் கம்பெனி ஆய்வாளர் காத்திருந்தார். ஒல்லியான மனிதர், பேச்சு அதைவிட ஒல்லி. டயரைச் சுற்றிச் சுற்றி வந்து, டார்ச் அடித்து, பக்கவாட்டில் பொறித்திருந்த நாலு இலக்க எண்ணைப் படித்தார். முகம் சுளித்தார்.

"சார், இந்த வண்டி எப்ப வாங்கினீங்க?"

"இருபது நாள் ஆச்சு."

"டயர் செஞ்சு நாலு வருஷம் ஆச்சு."

"என்னது?"

"முதல் ரெண்டு இலக்கம் வாரம், அடுத்த ரெண்டு வருஷம். நீங்களே பாருங்க."

கடிகாரக்காரர் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் செருகினார். பார்த்தார். மற்ற மூன்று டயர்களையும் தவழ்ந்து தவழ்ந்து பார்த்தார். அவை இந்த வருஷத்துச் சரக்கு. இது மட்டும் நாலு வருஷப் பழசு! மேலே கருப்பு பாலிஷ் போட்டுப் புதுசுபோல மினுக்கியிருக்கிறார்கள்!

அந்த நிமிஷத்தில் அவர் இடித்ததை மறந்தார், கல்லை மறந்தார், சத்தியத்தையும் மறந்தார். நெஞ்சு நிமிர்ந்தது.

"கூப்பிடுங்க உங்க மேனேஜரை!"

மேனேஜர் ஓடி வந்தார். வண்டி கொடுத்த அன்று டயர் எண்களை எழுதிவைத்த தாளைத் தேடி எடுத்தார்கள். மூன்று எண் பளிச்சென்று இருந்தது. நாலாவது எண்ணின் மேல் யாரோ டீ கொட்டியிருந்தார்கள்.

"பார்த்தீங்களா! தடயத்தையே அழிச்சிருக்காங்க!" என்று கடிகாரக்காரர் கூரை அதிரக் கத்தினார். "என் பொண்டாட்டி யாரு தெரியுமா? ஊசிமுனையளவு தப்பு நடந்தாலும் கண்டுபிடிக்கிறவ. பொய்னா என்னன்னே தெரியாது அவளுக்கு. அவ ஆசை ஆசையா வாங்கின வண்டியில கிழட்டு டயரை மாட்டி அனுப்பியிருக்கீங்களே, நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா?"

புது வண்டி பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம் மெதுவாக எழுந்து வெளியே நடந்தது. மேனேஜருக்கு வியர்த்துவிட்டது.

"சார், சத்தம் போடாதீங்க. எங்க கிடங்குலதான் ஏதோ தப்பு நடந்திருக்கு. நாலு டயரையும் புதுசா மாத்தறோம். சாயங்காலம் நானே வீட்டுக்கு வந்து மேடத்துகிட்ட மன்னிப்புக் கேட்கறேன். அவங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

கடிகாரக்காரர் வீட்டுக்கு வந்தபோது மீட்டர் 489 காட்டியது. காட்டட்டுமே! பிரிட்ஜில் இருந்த தாளில் அவரே தைரியமாக '489' என்று எழுதி, பக்கத்தில் 'நீதிக்காக' என்று காரணமும் எழுதினார்.

சாயங்காலம் மனைவி பெட்டியோடு வந்து இறங்கியபோது, வாசலில் மேனேஜர் இரண்டு ஆட்களோடு நின்றார். நாலு புத்தம்புது டயர்கள் வரிசையாகச் சுவரில் சாய்ந்திருந்தன. அவள் முகம் வெளிறிப்போயிற்று.

"பயப்படாதே," என்று கடிகாரக்காரர் ஓடிவந்து பெட்டியை வாங்கினார். "வண்டியை எடுத்தேன். உண்மையைச் சொல்லிடறேன், கல்லுல இடிச்சும் வச்சேன். ஆனா இடிச்சதும் நல்லதுக்குத்தான். இல்லைன்னா இந்தப் பித்தலாட்டம் வெளியே வந்திருக்குமா? பழைய டயரை நம்ம தலையில கட்டியிருக்காங்க!"

எப்போது வெடிப்பாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார். அவள் வெடிக்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றாள்.

"மேடம், எங்க மேல தப்புதான்," என்று மேனேஜர் தாளையும் பேனாவையும் நீட்டினார். "'பழைய டயருடன் வண்டி வழங்கப்பட்டது'ன்னு எழுதியிருக்கு. ஒரு கையெழுத்து. அந்தக் கிடங்கு ஆளை இன்னைக்கே வேலையை விட்டுத் தூக்கிடறேன்."

"ஐயையோ, யாரையும் தூக்க வேண்டாம்!" என்றாள் அவள் அவசரமாக. பேனாவைத் தொடவில்லை. "போனாப் போகுது சார். டயரையெல்லாம் எடுத்துட்டுப் போங்க. எனக்கு எதுவும் வேண்டாம்."

கடிகாரக்காரர் மனைவியையே வியப்போடு பார்த்தார். தன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஏமாற்றியவனைக்கூட மன்னிக்கிறாள். இப்பேர்ப்பட்ட மனசுக்காரியிடமா இரண்டு நாள் பொய் சொன்னோம் என்று வெட்கமாக இருந்தது.

"பார்த்தீங்களா சார்?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இதான் என் பொண்டாட்டி."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள். "என்னங்க... நான் ஒண்ணு..."

அதற்குள் பக்கவாட்டு கேட் கிரீச்சென்று திறந்தது. தெருமுனை பஞ்சர் கடைக்காரர் ஒரு டயரை உருட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். கார் மறைத்ததில் அவள் ஒருத்திதான் அவர் கண்ணில் பட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"அக்கா, போன வாரம் நீங்க கல்லுல ஏத்திக் கிழிச்ச புது டயரை ஒட்டியாச்சு, சார் கண்ணுல படறதுக்குள்ள மாட்டிட்டு, நான் பாலிஷ் போட்டுக் கொடுத்த என் பழைய டயரைக் கழட்டிக்கட்டுமா?"